தகப்பனார் கல்லறையே பிரசங்கபீடம்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், ஒரு காலத்தில் சதுப்பு நிலம் சூழ்ந்து தீவாகவே கிடந்த ஆக்ஸோம் பகுதியில் இருக்கிறது எப்வொர்த் என்ற சிற்றூர். மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபைப் பிரிவைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1703-ல் பிறந்த ஊர். அங்குள்ள வெஸ்லி நினைவு மெதடிஸ்ட் ஆலயம் 1889-ல் திறக்கப்பட்டது. அமைதியான, அழகான ஆலயம். ஜெபித்துவிட்டு வெளியே வந்தேன். ஆனால் அந்தச் சபையின் வேரைப் பார்க்க வேண்டுமென்றால் வெஸ்லி குடும்பம் வாழ்ந்த பழைய குருமனையின் சமையலறைக்குத்தான் போகவேண்டும்.

1709 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவில் முந்தைய குருமனை எரிந்துபோனது. ஐந்து வயது ஜான் மட்டும் மாடியில் சிக்கிக்கொண்டான். ஏணி கொண்டுவர நேரமில்லை. ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி, ஜன்னல் வழியாக அவனை இழுத்துக் காப்பாற்றினார்கள். "அக்கினியினின்று தப்புவிக்கப்பட்ட கொள்ளி" என்ற வேத வார்த்தையை வெஸ்லி கடைசிவரை தனக்கே உரியதாக வைத்துக்கொண்டார். இப்போது நிற்பது அதற்குப் பிறகு கட்டிய வீடு.

அந்த வீட்டுச் சமையலறையில் வெகுநேரம் நின்றேன். ஜானின் தகப்பனார் சாமுவேல் ஊர்க்கோயிலின் குரு. அவர் சபை வேலையாக லண்டனில் தங்கியிருந்த குளிர்காலத்தில், தாய் சூசன்னா ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளை உட்காரவைத்து ஜெபமும் பிரசங்கமும் வாசித்தார். வேலைக்காரர்கள் வந்தார்கள், அப்புறம் அக்கம்பக்கத்தார். 1712 வாக்கில் கூட்டம் இருநூறைத் தொட்டது. உதவிக் குருவுக்கு அது பிடிக்கவில்லை. புகார் லண்டனுக்குப் போனது. நிறுத்திவிடச் சொல்லிக் கணவர் எழுதினார். 'நிறுத்தினால் நல்லது என்று சொல்லாதீர்கள், நிறுத்து என்று கட்டளையிடுங்கள். நியாயத்தீர்ப்பு நாளில் அந்தப் பொறுப்பு என்மேல் விழாதபடி' என்ற கருத்தில் சூசன்னா பதில் எழுதினார். பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று, ஒன்பது பேரைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்த தாய் அவர். அந்தத் துணிவை நினைத்தபோது என் கண் கலங்கிவிட்டது.

அங்கிருந்து மேட்டின்மேல் இருக்கும் புனித அந்திரேயா ஆலயத்துக்கு நடந்தேன். வெளியே சாமுவேலின் கல்லறை. 1742 ஜூன் 6, ஞாயிறு. ஆராதனையில் உதவி செய்கிறேன் என்று ஜான் கேட்டார். அப்போதிருந்த உதவிக் குரு மறுத்துவிட்டார். தன் தகப்பனார் ஏறக்குறைய நாற்பது ஆண்டு ஊழியம் செய்த கோயிலில், மகனுக்குப் பேச இடமில்லை. சரி என்று மாலை ஆறு மணிக்கு, தகப்பனார் கல்லறைமேல் ஏறி நின்றார். எப்வொர்த் அதுவரை காணாத கூட்டம் கூடியது. அடுத்த ஞாயிறுக்கு மறுநாள் புறப்படும்வரை அந்த ஊரை அவர் விடவில்லை; கல்லறைமேலிருந்து மறுபடி மறுபடி பேசினார். தகப்பனார் பீடத்தில் தாம் மூன்று வருஷம் பிரசங்கித்ததைவிட, அவர் கல்லறைமேல் மூன்று நாள் பிரசங்கித்ததில் அதிக பலன் கிடைத்தது என்று பின்னாளில் ஜானே எழுதினார்.

அன்றைக்கு அவர் எடுத்த வசனம் ரோமர் 14:17. கல்லின் அருகில் நின்று வாய்விட்டு வாசித்தேன்: "தேவனுடைய ராஜ்யம் புசிப்பும் குடிப்புமல்ல, அது நீதியும் சமாதானமும் பரிசுத்த ஆவியினாலுண்டாகும் சந்தோஷமுமாயிருக்கிறது."

அடுத்த மாதமே சூசன்னா லண்டனில் கண்மூடினார். கல்லறைமேல் நின்று மகன் பேசிய செய்தி அதற்குள் அந்தத் தாயின் காதுக்கு எட்டியிருக்கவேண்டும் என்று என் மனம் ஆசைப்பட்டது.