திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமம்: ஒரு பகல் ஜெபத்துக்குப் போகிறவர்களுக்கு

வேலூருக்கு ஆஸ்பத்திரி வேலையாக வருகிறவர்களுக்கு நடுவில் ஒரு நாள் சும்மா கிடைத்துவிடும். ரிப்போர்ட் வர வேண்டும், டாக்டர் நாளை மறுநாள் பார்க்கிறேன் என்றிருப்பார். லாட்ஜ் அறையில் உட்கார்ந்தால் மனசு கண்டதையும் நினைக்கும். கோட்டைக்குள் 1846-இல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் சர்ச் இருக்கிறது. ஞாயிறு ஆராதனைக்கு அங்கே போகலாம். சிஎம்சி ஆஸ்பத்திரி வளாகத்திலேயே சிற்றாலயம் உண்டு. பத்து நிமிடம் உட்கார்ந்து எழ அதுவே போதும். ஒரு முழுப் பகல் உட்கார வேண்டுமென்றால் திருப்பத்தூர் போங்கள். ஒரே நாளில் நாலு சர்ச் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குப் போட்டோ மிஞ்சும், அமைதி மிஞ்சாது.

திருப்பத்தூர் அன்று வட ஆர்க்காடு, பிறகு வேலூர் மாவட்டம், 2019 முதல் தனி மாவட்டம். கிறிஸ்துகுல ஆசிரமத்தை 1921-இல் இரண்டு டாக்டர்கள் தொடங்கினார்கள்: சவரிராயன் ஏசுதாசன், ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். ஊர் மக்களுக்கு அவர்கள் பெரியண்ணன், சின்னண்ணன். வெள்ளைக்காரர் சின்னண்ணனாக இருந்தார் என்பதைக் கவனியுங்கள். 1921-இல் அது சின்ன விஷயமில்லை. இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கதர் உடுத்தினார்கள், ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். கதர் கட்டியதற்காகவே பேட்டன் 1932-இல் சென்னையில் போலீஸிடம் அடி வாங்கினார். அவர்கள் எழுப்பிய ஜெபாலயம் கோபுரத்தோடு நம்மூர்க் கோயில் பாணியில் நிற்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் சர்ச் எங்கே என்று தேடுவதுண்டு.

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வழியாக பஸ் உண்டு. இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலென்றால் காட்பாடியில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கி டவுன் பஸ் பிடிக்கலாம். காலை ஆறு மணிக்கே கிளம்பினால்தான் வெயிலுக்கு முன் போய்ச் சேர முடியும். சித்திரை, வைகாசியில் வேண்டாம். இந்தப் பக்கத்து வெயிலில் பதினொரு மணிக்கு மேல் எந்த ஜெபமும் ஓடாது. ஆசிரமம் சுற்றுலாத் தலம் இல்லை, ஆட்கள் வாழ்கிற இடம். அதனால் முந்தின நாளே போன் செய்து, எந்த நேரத்தில் உள்ளே உட்காரலாம், சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். இன்னொன்று, ஆம்பூரைத் தாண்டும்போது பிரியாணிக்கு இறங்காதீர்கள். திரும்பும்போது சாப்பிடலாம்.

கையில் அச்சடித்த வேதாகமம், நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா, ஒரு லிட்டர் தண்ணீர், உட்காரத் துண்டு. செல்போனில் வேதாகமம் இருக்கிறதே என்பார்கள். வாட்ஸ்அப்பும் அதே போனில்தான் இருக்கிறது. அணைத்துப் பைக்குள் போடுங்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சுவரில் முதுகு சாயும் இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

முதல் இருபது நிமிடம் எதுவும் கேட்க வேண்டாம். தூக்கம் வந்தால் வெளியே மரத்தடியில் அரைமணி தூங்கிவிட்டு வாருங்கள். பாவமில்லை. எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தூதன் பிரசங்கம் செய்யவில்லை. எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், அவரும் சாப்பிட்டு மறுபடி படுத்தார். கர்த்தரின் மெல்லிய சத்தம் அவருக்குக் கேட்டது அதற்கு வெகு நாள் பிறகு.

அடுத்து நோட்டு. இடது பக்கத்தில் கவலைகள், ஒரு வரிக்கு ஒன்று. ‘குடும்பக் கஷ்டம்’ என்று எழுதினால் பயனில்லை, அதற்கு முனையே கிடையாது. ‘பெரியவளுக்கு வரன் தள்ளிப்போகிறது’, ‘பத்தாம் தேதிக்குள் நகைக்கடன் வட்டி’, ‘பயாப்ஸி ரிசல்ட்’ என்று எழுதுங்கள். பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு வரிக்குள் தீர்ந்துவிடும். தலைக்குள் இருந்தபோது நூறு போலத் தெரிந்தவை. எதிர்ப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு ஸ்தோத்திரம், அதாவது நன்றி. பிலிப்பியர் 4:6-இல் பவுல் சொல்லும் முறை இதுதான்: விண்ணப்பத்தோடு ஸ்தோத்திரமும் சேர்ந்து போக வேண்டும். தேவசமாதானம் அடுத்த வசனத்தில்தான் வருகிறது. பலர் ஆறாம் வசனத்தைத் தாண்டிக் குதித்து ஏழாவதைக் கேட்கிறார்கள். பவுல் இதை எழுதியபோது காவலில் இருந்தார், வசதியாக உட்கார்ந்து எழுதவில்லை.

நோட்டை மூடிவிட்டு 131-ஆம் சங்கீதம். மூன்றே வசனம். வாய்விட்டு, மெதுவாக, மூன்று தரம். ஒவ்வொரு தரத்துக்கும் நடுவில் சில நிமிடம் விடுங்கள். இரண்டாம் வசனத்தில் வரும் பால்மறந்த குழந்தை பாலுக்காகத் தாயைத் தேடாது, மடியில் சும்மா கிடக்கும். அந்த வரியோடு கால் மணி நேரம் இருங்கள். நினைப்பு ஓடும், ஓடட்டும். மூச்சை இழுக்கும்போது ‘இயேசுவே’, விடும்போது ‘இரங்கும்’ என்று சொல்லித் திரும்பி வாருங்கள். அதற்குள் ஐம்பது தரம் திரும்ப வேண்டியிருந்தாலும் அது தோல்வியில்லை, அந்தத் திரும்பல்தான் ஜெபம்.

ஒரு மணி நேரம் கழித்து மனசு அடங்குவதற்குப் பதில் படபடப்பு கூடலாம், அழுகையும் வரலாம். வேலையும் பேச்சும் அமுக்கி வைத்திருந்தது சத்தம் நின்றதும் மேலே வருகிறது. எழுந்து வெளியே கொஞ்சம் நடந்து, தண்ணீர் குடித்து, அடுத்த தரம் இருபது நிமிடத்தோடு நிறுத்துங்கள். ஆனால் வாரக்கணக்காகத் தூக்கமில்லை, உயிரோடிருப்பதே பாரமாக இருக்கிறது என்றால் ஜெபத்தோடு டாக்டரையும் பாருங்கள். வேலூர் பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது. சாப்பிடுகிற மாத்திரையை விசுவாசத்தின் பேரில் நிறுத்த வேண்டாம். இந்த ஆசிரமத்தை ஆரம்பித்ததே இரண்டு டாக்டர்கள்.

உட்கார்ந்திருக்கும்போது ஒரு முகம் திரும்பத் திரும்ப வரும். பங்காளியோ, பேச்சு நின்றுபோன அக்காவோ, சபையில் சண்டை போட்டவரோ. அதை ஜெபத்துக்கு இடைஞ்சல் என்று தள்ளாதீர்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5:24 சொல்கிறது. பெயரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது, திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டிலேயே போனை எடுத்துப் பேசிவிடுங்கள். நியாயம் பேச வேண்டாம். ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்டால் போதும். எடுக்கவில்லையென்றால் வாணியம்பாடி தாண்டி மறுபடி ஒரு தரம் போட்டுப் பாருங்கள்.