திருமலை வெயில்லயும் போர்வை வேணும்

திருகோணமலை வெயிலுக்க இருந்துகொண்டு போர்வையைப் பத்திக் கதைச்சா சனம் ஒரு மாதிரிப் பாக்கும். ஆனா வெளியில என்னதான் வெக்கையா இருந்தாலும் ஒப்பரேசன் தியேட்டருக்குள்ள ஏசி விறைக்கும், மேசையில மெல்லிய கவுணோட கிடக்கிறது எழுபது எண்பது வயசு உடம்பு. மூதூர், கிண்ணியா பக்கமிருந்து இடுப்பெலும்பு முறிஞ்சு வாற அம்மாமாரையும் புரொஸ்டேட் ஒப்பரேசனுக்கு வாற ஐயாமாரையும்தான் சொல்லுறன்.

இடுப்புக்குக் கீழ மரக்கிறதுக்கு முதுகில ஊசி போட்டுச் செய்யிற ஒப்பரேசன் எண்டா ஆள் முழிச்சுத்தானே இருக்கிறார், குளிரினா அவரே சொல்லுவார் எண்டு கனபேர் நினைக்கிறாங்க. சொல்ல மாட்டார். மருந்து ஏறினதும் இடுப்புக்குக் கீழ ரத்தக்குழாயெல்லாம் விரிஞ்சு, நெஞ்சுக்குள்ளயும் வயித்துக்குள்ளயும் இருந்த சூடு காலுக்கு இறங்கிடும், காலைத் தொட்டா கதகதப்பா இருக்கும், மூளையும் அதை நம்பிடும், ஆனா உள் உடம்பு முதல் மணித்தியாலத்துக்குள்ளயே அரை டிகிரி ஒரு டிகிரி எண்டு இறங்கியிருக்கும். "குளிருதா அம்மா?" எண்டு கேட்டா "இல்ல மகள்" எண்டுதான் பதில் வரும், தேர்மோமீட்டர் 36க்குக் கீழ நிக்கும். அதால கேக்கிறதோட விடாம அளந்து பாக்கவேணும்.

வயசானவங்களுக்குத் தசையும் குறைவு, மருந்து பிடிச்ச இடம் நடுங்கவும் ஏலாது. தாடையும் தோளும் மட்டும் வெடவெடக்கும், மொனிட்டர்ல ஈசிஜி கோடு கிறுக்கினமாதிரி ஓடும், ஒக்சிஜன் அளக்க விரல்ல மாட்டுற கிளிப் ரீடிங் எடுக்காது. அந்த நடுக்கத்துக்கு ஒக்சிஜன் கனக்க வேணும், பலவீனமான இதயம் அதைத் தாங்காது. உடம்பு குளிர்ந்தா ரத்தம் உறையிறதும் மந்தமாகும், புண்ணில கிருமி பிடிக்கிற சந்தர்ப்பமும் கூடும்.

என்னைக் கேட்டா ஊசிக்கு முதலே சூடாக்கிறதுதான் முக்கியம். சூடான காத்து ஊதுற போர்வையை அரை மணித்தியாலம் முதலே போட்டா கால்ல சூடு சேர்ந்திருக்கும், பிறகு உள்ளுக்கிருந்து இறங்கிறது குறையும். அந்த மெஷின் இல்லாட்டி தலையையும் தோளையும் பொத்தி, பேஷண்டைப் போர்த்தி முடியும்வரைக்கும் ஏசியை 21க்குக் கீழ விடாம வச்சிருக்கலாம். அறைச் சூட்டில இருக்கிற சேலைன் ஒரு லீட்டர் ஏத்தினாலே உடம்பு கால் டிகிரி கிட்டக் குளிரும், அதால அரை லீட்டருக்கு மேல எண்டா சூடாக்கிற வோமர்ல வச்சு ஏத்தவேணும், புரொஸ்டேட் ஒப்பரேசன்ல உள்ளுக்க கழுவுற தண்ணியும் அப்பிடித்தான்.

சுடுதண்ணிப் போத்தலைக் காலுக்குள்ள வைக்கவே வேணாம், பாசத்தில செய்யிற வேலைதான், ஆனா உணர்ச்சி இல்லாத கால் வெந்தாலும் அவங்களுக்குத் தெரியாது.

வீட்டுக்காரர் ஒப்பரேசனுக்கு முதல்நாளே "அம்மாவைக் குளிராம வச்சிருக்க என்ன செய்வீங்க?" எண்டு கேளுங்க, கேட்டா ஒருத்தரும் கோவிக்க மாட்டாங்க.