அம்பாசடர் சம்ப் ஒழுகல் நின்ற விதம்

அப்பாவின் மார்க் 4 அம்பாசடர். இன்ஜினை முழுசாக இறக்கிக் கட்டியிருந்தோம். போரிங், கிராங்க் கிரைண்டிங், புது பிஸ்டன், ரிங், பேரிங் என்று எதையும் மிச்சம் வைக்கவில்லை. லேத் வேலை வெளியே. கழற்றியது, பூட்டியது எல்லாம் நானும் பக்கத்துத் தெரு மேஸ்திரி அண்ணனும். முதல் நாள் ஸ்டார்ட் செய்தபோது அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன். மறுநாள் காலை வண்டிக்கடியில் போட்டிருந்த அட்டையில் மூன்று பெரிய சொட்டு.

உடனே 7/16 ஸ்பானரை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். இன்ஜின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டிதான் சம்ப். அதன் போல்ட் ஒவ்வொன்றையும் கால் சுற்று இறுக்கினேன். இரண்டு நாள் குறைந்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் அட்டை முழுக்க எண்ணெய். இன்னும் கால் சுற்று இறுக்கினேன். அப்போது ஒரு போல்ட் கெட்டியாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனதைக் கையில் உணர்ந்ததும் நிறுத்திவிட்டேன்.

மேஸ்திரியிடம் சொன்னேன். "எங்கிருந்து ஒழுகுதுன்னு பாத்தியா தம்பி? சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற" என்றார். அன்று சாயங்காலம் இன்ஜினின் அடிப்பாகம் முழுவதையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துணியால் துடைத்துக் காயவிட்டோம். பிறகு முகத்துக்குப் போடும் பவுடரை ஒரு பழைய பிரஷ்ஷால் பக்கவாட்டிலும் சம்ப் விளிம்பிலும் தூவினோம். பத்து நிமிடம் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளையில் எண்ணெய் வந்த பாதை கோடாகத் தெரிகிறது. இதை முதல் நாளே செய்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

இரண்டு கோடு தெரிந்தது. ஒன்று இன்ஜினின் பக்கவாட்டில் இருக்கும் டேப்பெட் கவர் என்ற மூடியிலிருந்து மெலிதாக இறங்கியது. அதற்குப் புது கார்க் பேக்கிங் போட்டதும் சரியாகிவிட்டது. இன்னொன்று சம்ப்பின் பின்பக்க மூலையில், தடிமனாக.

இன்ஜினுக்குள் சேரும் புகையை வெளியே விடும் ப்ரீதர் குழாயையும் கழற்றிப் பார்த்தோம். உள்ளே பழைய கரி அடைத்திருந்தது. புது ரிங் சிலிண்டரில் படிந்து உட்காரும்வரை பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் புகை கூடுதலாகவே இருக்கும். ப்ரீதரும் அடைத்துக்கொண்டால் அந்த அழுத்தம் எந்த இணைப்பு இளைத்ததோ அதன் வழியாக எண்ணெயைத் தள்ளும். கரியைச் சுரண்டிக் கழுவி மாட்டினோம்.

வண்டி முந்நூறு கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. முதல் ஆயிலை எப்படியும் சீக்கிரம் மாற்ற வேண்டும் என்பதால், அதை வடித்துவிட்டுச் சம்ப்பை இறக்கினோம். கீழே வந்ததும் காரணம் கண்ணில் பட்டது. சம்ப் என்பது தகரம். நான் இறுக்க இறுக்க ஒவ்வொரு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் விளிம்பு மேல்நோக்கிக் குழிந்திருந்தது. போல்ட் இருக்கும் இடத்தில் மட்டும் பேக்கிங் நசுங்கிப் பிதுங்கியிருந்தது, இரண்டு போல்ட்டுக்கு நடுவே இறுக்கமே இல்லை. இறுக்கியதால் ஒழுகல் கூடியது இப்படித்தான்.

இன்னொரு தவறும் இருந்தது. இந்த பி-சீரிஸ் இன்ஜினில் சம்ப்பின் இரு பக்கத்துக்கும் பேக்கிங், முன்னாலும் பின்னாலும் கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங் கேப்பின் பள்ளத்தில் உட்காரும் கார்க் பட்டைகள். அந்தப் பட்டை நுனிகள் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நின்றால்தான் சம்ப் ஏறும்போது நசுங்கி மூலையை அடைக்கும். பூட்டும்போது அழகாக இருக்கட்டும் என்று நான் அதைச் சமமாக வெட்டிவிட்டிருந்தேன்.

விளிம்பின் அடிப்பக்கத்தை ஒரு கனமான மரக்கட்டைமேல் தாங்கி வைத்து, ஒவ்வொரு ஓட்டையையும் மேலிருந்து சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சமப்படுத்தினோம். அவ்வப்போது கண்ணாடித் தட்டின்மேல் வைத்து ஆடுகிறதா என்று பார்த்தோம். இதற்கே ஒரு மதியம் முழுக்கப் போனது. மொத்த வேலையில் முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன். இந்தத் தட்டலைச் செய்யாமல் எந்தப் பசை போட்டும் பயனில்லை.

புது கார்க் பட்டை காய்ந்து சுருங்கியிருந்தது. வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்ததும் நீளம் திரும்பியது. நுனியை ஒன்றரை மில்லிமீட்டர் போல நீட்டியே விட்டோம். சிலிகான் பசையை நான்கு மூலையில் மட்டும் சின்ன மணி அளவு வைத்தோம். முழு விளிம்புக்கும் தடவலாமே என்று கேட்டேன். மேஸ்திரி ஆயில் பம்ப்பின் சல்லடையைக் காட்டினார். உள்ளே பிதுங்கும் பசை பிய்ந்து அங்கே போய் அடைத்தால் பேரிங் போய்விடும் என்றார்.

வழுக்கிய போல்ட்டையும் அது ஏறும் ஓட்டையையும் பார்த்தோம். நல்லவேளையாகக் கெட்டது போல்ட்டின் புரிதான், மாற்றினோம். நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி, இரண்டு சுற்றாக இறுக்கினோம். இந்தக் கால் அங்குல போல்ட்டுக்கு ஆறு அடி-பவுண்டுதான் அளவு, அதாவது எட்டு நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச்சில் வைத்துப் பார்த்தால் கைக்கு இறுகியதாகவே தோன்றாது. அப்படியே விட்டுவிடுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் முழுக்கப் பசை காய்ந்த பிறகே ஆயில் ஊற்றினோம்.

ஒரு வாரம் அட்டை விரித்துப் பார்த்தேன். சம்ப் காய்ந்தே இருந்தது. ஆனால் கிளட்ச் பெட்டியின் அடியில் இருக்கும் காட்டர் பின்னில் எப்போதாவது ஒரு சொட்டு தொங்குகிறது. அது பேக்கிங்கின் குறை இல்லை. இந்த இன்ஜினின் பின்பக்க மெயின் பேரிங்கில் ரப்பர் சீல் கிடையாது. கிராங்க்கில் வெட்டிய திருகுப் பள்ளம்தான் ஓடும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. நின்ற பிறகு அதற்கு வேலை இல்லை. எங்கள் வாசல் சரிவில் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தினால் எண்ணெய் பின்பக்கம் சேர்ந்து அந்தச் சொட்டு கூடுகிறது. இப்போது பின்பக்கமாக ஏற்றி நிறுத்துகிறேன், சொட்டு குறைந்திருக்கிறது.