கல்லீரல் கட்டி: கசிவை அடைத்த பிறகே மருந்து

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும், கால் பங்கு தமனி வழியாகவும் வருகிறது. கல்லீரல் புற்றுக்கட்டியோ ஏறக்குறைய முழுவதும் தமனியை நம்பியே வளர்கிறது. அந்தத் தமனிக்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, மருந்தைக் கட்டியிலேயே நிறுத்துவதுதான் டேஸ் (TACE) சிகிச்சை. அது ஆயுளை நீட்டுகிறது என்பதை பார்சிலோனாவிலும் ஹாங்காங்கிலும் நடந்து 2002-இல் வெளியான இரண்டு ஆய்வுகள் காட்டின.

கட்டி போர்ட்டல் சிரையை அரித்துத் தமனியோடு இணைத்துவிட்டால் நிலைமை வேறு. இந்த இணைப்பைத்தான் கசிவு என்கிறோம். தமனியின் அழுத்தம் நேராகச் சிரைக்குள் இறங்கும். வயிற்றில் நீர் கோர்க்கும், உணவுக்குழாயில் வேரிசஸ் எனப்படும் வீங்கிய சிரைகள் புடைக்கும். உள்ளே விடும் மருந்தும் கட்டியில் தங்காது.

சிடி ஸ்கேனின் தமனிக் கட்டத்திலேயே, அதாவது காண்ட்ராஸ்ட் சாயம் தமனிகளை நிரப்பும் முதல் கட்டத்திலேயே, போர்ட்டல் சிரை பளிச்சென்று தெரிந்தால் கசிவு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் தயாராகிறோம். மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் டெசிலிட்டர் ரத்தத்துக்கு 3 மில்லிகிராமைத் தாண்டியிருந்தாலோ, கல்லீரல் மிகவும் பழுதடைந்த சைல்ட்-பியூ சி நிலைக்குப் போயிருந்தாலோ டேஸ் செய்வதில்லை. பெரிய வேரிசஸ் இருந்தால் எண்டோஸ்கோப்பியில் அவற்றை இறுக்கும் ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு வருவது நல்லது.

தொடை இடுக்கில் மரத்துப்போகும் ஊசி போட்டு, 5 பிரெஞ்ச் (சுமார் 1.7 மில்லிமீட்டர்) தடிமனுள்ள கதீட்டரைக் கல்லீரல் தமனி வரை கொண்டுபோகிறோம். அதன் வழியாகக் காண்ட்ராஸ்ட் விட்டு எக்ஸ்ரே படம் (ஆஞ்சியோ) எடுக்கிறோம். வழக்கமாக நொடிக்கு 2 படம் போதும். கசிவைத் தேடும்போது 4 முதல் 6 வரை எடுக்க வேண்டும். காண்ட்ராஸ்ட் போன மறுநொடியே, தமனிக் கிளைகள் முழுதாக நிரம்பும் முன்பே, அவற்றை ஒட்டித் தடித்த ஒரு கோடு எழும். அதுதான் போர்ட்டல் சிரை. குறைந்த வேகத்தில் எடுத்தால் எந்தக் கிளையிலிருந்து அது கிளம்புகிறது என்பது தெரியாமலே போய்விடும். காண்ட்ராஸ்ட் போர்ட்டல் சிரைக்குப் போகாமல் கல்லீரல் சிரை வழியாக இதயத்துக்கு ஏறினால் இன்னும் கவனம் வேண்டும். அடுத்து அது போய்ச் சேருவது நுரையீரல்.

கசிவுக்கு அருகே மைக்ரோகதீட்டர் என்ற இன்னும் மெல்லிய குழாயைக் கொண்டுபோய் அடைப்பதில்தான் பாதி நேரம் போகும். சின்னத் துகள் வேகமான ஓட்டத்தில் அப்படியே மறுபக்கம் போய்விடும். அதனால் மெதுவான கசிவுக்கு 300–500 மைக்ரான் பிவிஏ (ஒருவகை பிளாஸ்டிக்) துகள், வேகமானதற்கு 500–700 அல்லது அதற்கும் பெரியது. அதற்கும் நிற்காவிட்டால் என்பிசிஏ பசை. அதை எக்ஸ்ரேயில் தெரியும் எண்ணெயான லிப்பியோடாலோடு கலக்கிறோம். ஓட்டம் வேகமாக இருந்தால் எண்ணெயைக் குறைத்துப் பசை சீக்கிரம் இறுகும்படி பார்க்கிறோம். முன்னதாக மைக்ரோகதீட்டரை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸால் கழுவியாக வேண்டும். சலைனோ ரத்தமோ பட்டால் பசை குழாய்க்குள்ளேயே இறுகிவிடும். விட்டதும் மைக்ரோகதீட்டரை உடனே வெளியே இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நுனி ஒட்டிக்கொள்ளும். பெரிய தமனியில் சுருள் வைத்து அடைப்பது எளிது. ஆனால் கட்டி பக்கக் கிளைகளிலிருந்து ரத்தம் இழுத்துக்கொள்ளும், அடுத்த முறை நமக்கு உள்ளே போக வழியும் இருக்காது.

மறுபடி ஆஞ்சியோ எடுத்து, அந்தக் கோடு எழவில்லை என்று பார்த்த பிறகே மருந்து. 50 மில்லிகிராம் டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை 4 மில்லி காண்ட்ராஸ்டில் கரைத்து, 10 மில்லி லிப்பியோடாலுக்குள் தள்ளி, இரண்டு சிரிஞ்சுகளுக்கு இடையே குறைந்தது 20 முறை மாற்றி மாற்றித் தள்ள வேண்டும். சிரிஞ்சுகளை இணைக்கும் சாதாரண பாலிகார்பனேட் மூவழி அடைப்பானை லிப்பியோடால் அரிக்கும், விரிசல் விடும். அதற்கு ஏற்ற அடைப்பானை முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அமர்வில் லிப்பியோடால் 15 மில்லியைத் தாண்டக் கூடாது. செலுத்தும்போது நோயாளிக்கு இருமல் வந்தாலோ ஆக்சிஜன் அளவு இறங்கினாலோ உடனே நிறுத்தி, நுரையீரலைத் திரையில் பார்க்க வேண்டும்.

முடிந்ததும் 4 முதல் 6 மணி நேரம் காலை மடக்காமல் படுக்க வேண்டும். காய்ச்சல், வலி, குமட்டல் சில நாள் இருக்கும், பெரும்பாலும் தானாகவே அடங்கும். அடங்கிய காய்ச்சல் திரும்ப வந்து குளிரோடு ஏறினால் சீழ்க்கட்டியாக இருக்கலாம். மலம் கருப்பாகப் போனாலோ மயக்கம் வந்தாலோ இரவென்றும் பாராமல் கிளம்பி வாருங்கள். 4 முதல் 6 வாரத்தில் சிடி எடுப்போம். அடைத்த கசிவு பக்கத்துக் கிளை வழியாகத் திரும்பத் திறப்பது உண்டு. அதனால் கட்டியைப் பார்ப்பதற்கு முன், தமனிக் கட்டத்தில் போர்ட்டல் சிரை வெளுத்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம்.