மார்கழிக் காலையில் எழும்பாத கணினி

பாலக்கோட்டில் என் மாமா தக்காளி கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். விடிவதற்கு முன்பே லோடு வந்து இறங்கத் தொடங்கிவிடும் என்பதால், பில் போடும் கணினி அந்த நேரத்தில் இயங்கியே ஆக வேண்டும். கார்த்திகை பிறந்ததிலிருந்து அது விடியற்காலையில் மட்டும் அடம்பிடித்தது. சுவிட்சை அழுத்தினால் கேபினெட்டின் விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். "நாலஞ்சு வாட்டி அமுக்குனா அப்புறம் எழுந்துக்குது மாப்பிள்ளை, மத்தியானத்துல ஒரு தொந்தரவும் இல்ல" என்றார் மாமா. எல்லாப் பாகங்களும் செருகப்படும் முதன்மைப் பலகையான மதர்போர்டு போய்விட்டது, புதிதாகவே வாங்கிவிடுங்கள் என்று ஒரு கடையில் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

மதர்போர்டு போய்விட்டது என்ற தீர்ப்பை நான் அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. அது பழுதாவதும் உண்டுதான். ஆனால் நண்பகலில் முதல் அழுத்தத்திலேயே எழும்பி மாலை வரை பில் அடித்துத் தள்ளும் கணினி, விடியற்காலைக் குளிரில் மட்டும் மறுக்கிறது என்றால், சந்தேகம் முதலில் மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் மீதுதான் விழ வேண்டும். விசிறி சுற்றிக்கொண்டே இருந்து திரையில் மட்டும் ஒன்றும் வராதிருந்தால், நினைவகப் பலகையான ரேமைக் கழற்றி அதன் தங்க முனைகளை அழிப்பானால் துடைத்து மாட்டிப் பார்ப்பதில் தொடங்கியிருப்பேன். இங்கே அந்த அறிகுறி இல்லை.

கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. பதினோரு மணிக்குக் கடைக்கு வரும் கணினி, பழுது காட்டும் நேரத்தைத் தாண்டித்தான் அங்கே வந்து சேர்கிறது. அதனால் வோல்ட் அளக்கும் மல்ட்டிமீட்டரை எடுத்துக்கொண்டு இருட்டிலேயே மண்டிக்குப் போனேன். முதலில் யு.பி.எஸ்ஸை விலக்கிவிட்டுச் சுவர் பிளக்கில் நேராகச் செருகிப் பார்த்தேன், மாற்றமில்லை. முன்பக்கச் சுவிட்சின் இரட்டை ஒயரை மதர்போர்டிலிருந்து உருவிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டுப் பார்த்தேன். அப்போதும் அதே அரைச் சுற்றுத்தான். ஹார்டு டிஸ்க், டி.வி.டி. டிரைவ், பிரிண்டர் என எல்லாவற்றின் இணைப்பையும் கழற்றி, பிராசஸரும் ஒரே ஒரு ரேமும் மட்டும் மீதமிருந்த நிலையிலும் அது எழும்பவில்லை. கேபினெட்டின் அடியில் தக்காளிக் கிரேடிலிருந்து வந்த வைக்கோல் துரும்பும் செம்மண்ணும் ஒரு கைப்பிடி அளவுக்குக் கிடந்தன. அவற்றைத் துடைத்தது மனநிறைவுக்காக மட்டுமே.

மதர்போர்டில் செருகும் 24 பின் பிளக்கில் ஊதா நிற ஒயர் ஒன்று உண்டு. கணினி அணைந்திருந்தாலும், பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை, அந்த ஒயரில் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்க வேண்டும், 4.75-க்குக் கீழே போகக் கூடாது. நாம் சுவிட்சை அழுத்துவதை மதர்போர்டு உணர்ந்துகொள்வது இந்த மின்சாரத்தை வைத்துத்தான். உணர்ந்ததும் அது பச்சை ஒயரைத் தரையோடு, அதாவது கறுப்பு ஒயரோடு, இணைக்கும்; உடனே எஸ்.எம்.பி.எஸ். 12, 5, 3.3 வோல்ட்டுகளைத் தரத் தொடங்கி, அவை நிலைகொண்டபின், அரை நொடிக்குள் சாம்பல் நிற ஒயர் வழியே எல்லாம் சரி என்று தெரிவிக்கும். அந்தச் சமிக்ஞை வரும்வரை பிராசஸர் இயங்கத் தொடங்காது. மல்ட்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரிலும் சிவப்பு முனையை ஊதாவிலும் வைத்தபோது, எண் 4.5-ஐ ஒட்டித் தள்ளாடிக்கொண்டிருந்தது. பிளக்கை அப்படியே விட்டுவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், 4.9-க்கு ஏறியிருந்தது. கணினியும் எழும்பியது.

இதற்குக் காரணம் அந்தப் பெட்டிக்குள் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் மின்தேக்கிகள். அவற்றுக்குள் மின்பகு திரவம் இருக்கிறது. வெப்பத்தில் வருடக்கணக்காக அது உலர்ந்துகொண்டே வரும். இயங்கும் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. உலர்ந்த மின்தேக்கியின் உள்தடை குளிரில் மேலும் கூடும். சற்றுச் சூடேறினால் குறையும். ஆகவே சித்திரையிலும் வைகாசியிலும் தகர ஷீட்டின் கீழ் வெந்து கெட்ட பெட்டி, கார்த்திகை, மார்கழிக் குளிரில்தான் தன் கேட்டை வெளிக்காட்டுகிறது. மாமா மண்டியைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். பெட்டி முழுதும் குளிர்ந்துவிடாமலிருக்க, அன்றிரவு மட்டும் கணினியின் பிளக்கில் மின்சாரம் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் விடியற்காலையில் அது முரண்டு பிடிக்காமல் எழும்பியது. எந்தச் செலவும் இல்லாத இந்தச் சோதனையே எனக்கு மல்ட்டிமீட்டரைவிட அதிக நம்பிக்கை தந்தது.

பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் இணைத்து, விசிறி சுற்றினால் எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. சுற்றாவிட்டால் அது பெரும்பாலும் கெட்டுவிட்டது என்று கொள்ளலாம். சுற்றினால் ஒன்றும் நிரூபணமாவதில்லை. சுமையே இல்லாமல் ஒரு சிறிய விசிறியைச் சுற்றவைப்பது, நலிந்த பெட்டிக்கும் இயலும்.

வீட்டிலிருந்த வேறொரு எஸ்.எம்.பி.எஸ்ஸை மாட்டியதும், மெயினை இரவெல்லாம் அணைத்து வைத்திருந்தபோதும், கணினி காலையில் உடனே எழும்பியது. போகிற போக்கில் மதர்போர்டில் கணினியின் கடிகாரத்தை ஓடவைக்கும் சி.ஆர். 2032 என்ற சிறு பேட்டரியையும் மாற்றினேன்; பில்லில் தேதி தவறாக வந்துகொண்டிருந்ததற்கு அதுதான் காரணம்.

நாற்பது ஐம்பது ரூபாயில் மின்தேக்கியை மட்டும் மாற்றித் தர ஆள் இருக்கிறதே என்று மாமா கேட்டார். தொழில் தெரிந்தவர் செய்யலாம். ஆனால் பெட்டிக்குள் உள்ள பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பின்பும் சிறிது நேரம் அது அப்படியே இருக்கும். எனவே நான் அதைத் திறக்கவில்லை, மாமாவையும் திறக்கவிடவில்லை. பழைய பெட்டியின் மேல் 450 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 168 வாட். கணினி பெரும்பாலும் 12 வோல்ட்டைத்தான் உறிஞ்சுகிறது என்பதால், புதியது வாங்கும்போது அந்தப் பொடி எழுத்தைப் பார்த்துத்தான் வாங்கினோம்.