அதிகாலை நாலரை வகுப்பு

ஏப்ரல் 2

ரொறன்ரோவில் இரவு ஏழு என்றால் மட்டக்களப்பில் விடியற்காலை நாலரை. ஒன்லைன் வகுப்புக்கு ரொறன்ரோப் பிள்ளைகள் ஐந்து பேரும் வந்தார்கள். ஒருவன் மட்டும் வழக்கம்போலக் கமராவைப் போடவில்லை. கறுப்புப் பெட்டிக்குள் இருந்து "யெஸ் மிஸ்" என்று குரல் வரும், அவ்வளவுதான்.

மே நடுவில் ஏபி சைக்கொலொஜி பரீட்சை, பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டே பல்கலைக்கழக மட்டத்தில் எழுதுகிற அமெரிக்க உளவியல் பரீட்சை. 75 எம்சிகியூ (பல்தேர்வு வினா), 90 நிமிடம், மூன்றில் இரண்டு பங்கு புள்ளி அதற்குத்தான். மிச்சம் எழுத்து வினா இரண்டு, 70 நிமிடம். எல்லாம் கணினியில். தாய்மார் வட்சப்பில் "பழைய பாஸ் பேப்பர் செய்விக்க மாட்டீங்களா மிஸ்" என்று கேட்கிறார்கள். ஊரில் உயர்தரப் பரீட்சைக்குப் பத்து வருடப் பேப்பரைக் கரைத்துக் குடித்தவர்கள், வேறெப்படிக் கேட்பார்கள்? 2024-25 கல்வியாண்டோடு பாடத்திட்டமே மாறிவிட்டது. ஒன்பது அலகு ஐந்தாகிவிட்டது. எம்சிகியூவுக்கு ஐந்து விடை இருந்தது, இப்போது நாலு. எழுத்து வினாவின் அமைப்பும் வேறு. எத்தனை தரம் சொன்னாலும் ஓம் ஓம் என்றுவிட்டு அடுத்த கிழமை அதையே கேட்பார்கள்.

அப்பா இரவு தூங்கவில்லை.

ஏப்ரல் 4

கரண்ட் இல்லை. போன் டேட்டாவில் நரம்புக்கலத்தை வாயாலேயே கீறிக் காட்டினேன்.

ஏப்ரல் 8

மூளைப் பாடத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன். டாக்டரம்மா விடவில்லை. (ஐந்து பேரில் ஒருத்தி. எட்டாம் வகுப்பிலிருந்தே டாக்டர் ஆவதுதான் ஆசையாம். நான் வைத்த பெயர் அவளுக்குத் தெரியாது.)

சரி என்று தொடங்கினேன். 1861, பாரிஸ். லெபோர்ஞ் என்ற நோயாளி. மற்றவர் பேசுவது விளங்கும், தன் வாயில் வருவது 'டான்' என்ற ஒற்றைச் சத்தம்தான். அவர் இறந்த பிறகு புரோக்கா என்ற டாக்டர் மூளையை எடுத்துப் பார்த்தால் இடது முன்பக்கத்தில் சேதம். 1874இல் வேர்ணிக்கே பேச்சிழப்பில் இன்னொரு வகையைக் காட்டினார்: பேச்சு தடையில்லாமல் ஓடும், பொருள் இராது. இதைச் சொல்லிக்கொண்டிருக்க உள்ளறையிலிருந்து அப்பா, "மறுகா." (எங்கட ஊர்ப் பேச்சில் 'பிறகு'.) கொஞ்சம் பொறுத்து, "மறுகா, மறுகா, மறுகா." மைக் திறந்தபடி கிடந்தது.

"மிஸ், ஆர் அது?"

"என்ட அப்பா, மகள்."

"ஹீ இஸ் ஓகே?"

"ஓம்" என்றுவிட்டு அடுத்த சிலைட்டுக்குப் போனேன்.

அப்பாவின் பேச்சுச் சிகிச்சைக்குத் துண்டு எழுதித் தந்திருக்கிறார்கள். தேதி போடவில்லை. கவுன்டரில் கேட்டால் கிளினிக்கில் கேட்கச் சொல்கிறார்கள், கிளினிக்கில் கேட்டால் கவுன்டரில்.

ஏப்ரல் 14

மருத்துநீர் வைத்து அப்பாவைக் குளிப்பாட்டினோம். புதுவருடக் கைவிசேஷம் தர உட்கார வைத்தால், மடியில் கிடந்த வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடக்கையால் வெற்றிலையை எடுத்தார். நோட்டு கீழே விழுந்தது. அக்கா பொறுக்கித் திரும்பவும் அவர் கையில் வைத்து, அவர் தருவதுபோல வாங்கிக்கொண்டாள். இடக்கையால் யாரும் நீட்டினால் எழும்பிப் போய்விடுகிற மனிதர்.

வகுப்பு இல்லை.

ஏப்ரல் 17

முதல் எழுத்து வினா. ஒரு ஆய்வின் சுருக்கத்தைத் தருவார்கள். ஆய்வு முறை என்ன, மாறியின் செயன்முறை வரைவிலக்கணம் என்ன, தந்த புள்ளிவிபரம் எதைக் காட்டுகிறது, எந்த அறநெறி விதியைப் பின்பற்றினார்கள், முடிவை யாருக்குப் பொதுமைப்படுத்தலாம், கடைசியில் கருதுகோளுக்கு ஆதரவா எதிரா. ஏழு புள்ளி. வாசிக்க ஒதுக்கும் பத்து நிமிடத்தோடு சேர்த்து 25 நிமிடம்.

செயன்முறை வரைவிலக்கணத்தில் எல்லோரும் தடுக்குகிறார்கள். 'கவலை' என்று எழுதினால் புள்ளி இல்லை, கவலையை எப்படி அளந்தார்கள் என்று எழுத வேண்டும். எந்தப் படிவம், எத்தனை கேள்வி, எதிலிருந்து எதுவரை. சொல்லிக்கொண்டு போகும்போதே எனக்கு 2005 தை மாதம் வந்துவிட்டது.

சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூட முகாம். வகுப்பறைக்கு நாலைந்து குடும்பம், நடுவில் சீலை கட்டி மறைத்திருந்தோம். கிளிப்போர்டோடு வந்த ஒரு அக்கா என்னை மேசைப் பக்கம் கூப்பிட்டு இருத்தினா. கடந்த ஏழு நாளில் நினைக்காமலே அது நினைவுக்கு வந்ததா? கனவில் வந்ததா? இல்லவே இல்லை என்றால் பூச்சியம், மிக அதிகம் என்றால் நாலு. நான் எல்லாவற்றுக்கும் இரண்டு சொன்னேன். நடுவில் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று ஒரு எண்ணம். அடுத்த கிழமை வேறு நிறப் படிவத்தோடு வேறு ஆட்கள். விருப்பமா என்று எங்களிடம் கேட்டதாக ஞாபகம் இல்லை. அம்மாவைத் தேடிக்கொண்டிருந்த அப்பாவிடமும் ஒருத்தர் குந்தியிருந்து கேட்டார். பூச்சியமா, ஒன்றா? அப்பா என்ன சொன்னாரோ.

பிறகு பல்கலைக்கழகத்தில் அதே மாதிரிக் கேள்விகளை ஆங்கிலத்தில் பார்த்தேன். 22 கேள்வி. உலகம் முழுக்கப் பாவிக்கிற நல்ல அளவுகோல்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஏதோ ஒரு அட்டவணையில் என் இரண்டுகள் இன்னும் சராசரிக்குள் கிடக்கும்.

பிள்ளைகளுக்கு இதில் பாதியைத்தான் சொன்னேன். கமரா போடாதவன் கேட்டான்: "அப்போ அந்த டேட்டா வலிட்டா மிஸ்?" நல்ல கேள்வி. அதற்கும் புள்ளி உண்டென்றால் அவன்தான் முதலாமவன்.

ஏப்ரல் 18

பால்மா முடிந்துவிட்டது.

ஏப்ரல் 22

ஞாபகம். எபிங்ஹவுஸ் தன்னையே வைத்துச் செய்து 1885இல் வெளியிட்ட மறதிப் பரிசோதனை. ஒரே இரவில் விழுந்து படிக்காதீர்கள், நாள் விட்டுப் படியுங்கள் என்று ஒரு மணித்தியாலம் கத்தினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் செய்யப்போவதில்லை.

அதன்பின் பளிச்சிடும் ஞாபகம். 1977இல் பிரவுனும் குலிக்கும் வைத்த பெயர். பெரிய அதிர்ச்சியைக் கேள்விப்பட்ட கணம் படம்பிடித்ததுபோல நிற்குமாம். 1986இல் சலஞ்சர் விண்ணோடம் வெடித்த மறுநாள் நைசரும் ஹார்ஷும் மாணவர்களிடம் எழுதி வாங்கி, இரண்டரை வருடம் கழித்துத் திரும்பக் கேட்டார்கள். பலர் வேறு கதை சொன்னார்கள், அடித்துச் சொன்னார்கள். தங்கள் பழைய கையெழுத்தைக் காட்டியும் நம்பாதவர்கள் உண்டு.

நேற்று ஏப்ரல் 21. 2019இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது நானும் அக்காவும் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தோம். அக்கா இல்லை என்கிறாள். தான் கல்லடியில் மாமி வீட்டில் நின்றாளாம். இரண்டு பேரும் சத்தியம் பண்ணுவோம். அப்பாவுக்குத் தெரியும், ஞாபகசக்தியில் அவரை வெல்ல ஆளில்லை. கேட்டுப் பார்த்தேன். அவர் கண் என்னிடமும் அக்காவிடமும் மாறி மாறிப் போனது. "மறுகா" என்றார். கோபமாக.

ஏப்ரல் 27

மாதிரிப் பரீட்சை. டாக்டரம்மா 75க்கு 66. மற்றவர்கள் ஐம்பதுகளில். கமரா போடாதவன் 41. ஆனால் அவனுடைய எழுத்து விடையை வாசித்துவிட்டுக் கனநேரம் இருந்தேன். இரண்டாம் எழுத்து வினாவில் மூன்று ஆய்வைத் தந்து, ஒரு கூற்றை நிறுவி, ஆய்விலிருந்து சான்று காட்டி, படித்த ஒரு கருத்தைக் கொண்டு விளக்கச் சொல்கிறார்கள். இவன் சான்றே காட்டவில்லை. தனிமையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் தன் பாட்டில் எழுதியிருக்கிறான். புள்ளித் திட்டத்தின்படி ஏழுக்கு ஒன்று. தாய்க்குச் சொல்வதா, அவனோடு தனியப் பேசுவதா? அங்கே என்றால் பாடசாலையில் கவுன்சிலர் இருப்பார். இருப்பாரா?

ஏப்ரல் 28

தனியப் பேசினேன். "அது சும்மா எழுதினது மிஸ்." கமரா இல்லை.

மே 3

கண்ணகி அம்மனுக்கு எடுக்கிற வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்குக் கோயில் ஆட்கள் கதைக்க வந்தார்கள். கண்ணகி வழக்குரைப் பாட்டை இந்த முறை யார் படிப்பது என்று அப்பாவுக்கு முன்னாலேயே கேட்டார்கள், எனக்கு எரிச்சல். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் ஐயா ஒரு அடியை மெல்ல எடுத்துக் கொடுத்தார். அப்பா தொடர்ந்தார். திக்கவில்லை, தேடவில்லை. ராகத்தோடு, மூச்சுப் பிடித்து, அடி அடியாகப் போய்க்கொண்டே இருந்தார். அக்கா வாசலில் நின்று அழுதாள். எனக்கு முதலில் வந்தது பாடக்குறிப்புத்தான்: மனப்பாடமான பாட்டுக்கு வலது அரைக்கோளமும் துணைக்கு வரும்.

முடிந்ததும் "தேத்தண்ணி வேணுமா அப்பா?"

"மறுகா."

மே 4

1973இல் வெளிவந்த ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. சொல்லைப் பாட்டாக இழுத்து, நோயாளியின் இடக்கையைத் தாளமாகத் தட்டிப் பழக்குவது. தேதிக்குக் காத்திராமல் நானே தொடங்கினேன். தண்-ணி-தா, தண்-ணி-தா. ஐந்து நிமிடம் பொறுத்தார். பிறகு கையைப் பறித்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். முழுதாக, உச்சரிப்புச் சுத்தமாக. திட்டும் தானாக வருகிற பேச்சுத்தான், அதுவும் புத்தகத்தில் உண்டு. அக்காவும் நானும் வயிறு நோகச் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார்.

மே 7

கிளினிக் தேதி கிடைத்துவிட்டது. நாளைக்கே. ஓட்டோத் தம்பியை ஆறரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வகுப்பை ஆறுக்குள் முடிக்க வேண்டும், ஐந்தாம் அலகு பாதியில் நிற்கிறது. கமரா போடாதவன் இன்று வரவில்லை. வட்சப்பில் ஒரு டிக் மட்டும்.