சூரியனுக்குக் கால் முளைக்கும் நேரம்

டிசம்பர் 7

மூன்றரை மணிக்கே கரைக்குப் போய்விட்டேன். மறுகரை கண்ணுக்கு எட்டாத ஏரி இது. மேற்கே பார்த்தால் தண்ணீர், அதன் மேல் வானம், வேறெதுவும் இல்லை. ஐம்பது படமாவது எடுத்திருப்பேன். வீட்டுக்கு வந்து திறந்தால் எல்லாம் சாயம் போன துணி மாதிரி கிடக்கிறது. நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலேயே விட்டிருக்கிறேன். அந்தியின் செம்மையைக் கேமரா குறையென்று எண்ணிக் கழுவித் தள்ளிவிட்டது. நல்லவேளை, ரா கோப்புகள், கேமரா திருத்தாமல் அப்படியே சேமித்தவை. நிற வெப்பநிலையை 5,500 கெல்வினுக்கு மாற்றியதும் நிறம் திரும்பி வந்தது.

ஒரு படத்தை மட்டும் மூட மனம் வரவில்லை. சூரியனின் அடிவிளிம்பு நீரைத் தொடப்போகும் தறுவாயில், அடிவானத்திலிருந்து ஒரு சிவப்புக் கீற்று எழும்பி அதைத் தாங்கிக்கொள்கிறது. சூரியனுக்குக் கால் முளைத்த மாதிரி. 24 எம்எம் லென்ஸில் சூரியனே கடுகளவு, பெரிதாக்கினால் வெறும் கட்டங்கள். இதைச் சரியாக எடுத்தே ஆகவேண்டும்.

டிசம்பர் 9

மேகம். போகவில்லை. உட்கார்ந்து படித்தேன்.

அது கானல். கோடையில் தார்ச்சாலையில் தண்ணீர் மினுங்குவது போலத் தெரியுமே, அதே சங்கதிதான். ஏரி இன்னும் உறையவில்லை, காற்றோ உறைநிலைக்குக் கீழே போய்விட்டது. நீரை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலம் மட்டும் கதகதப்பாக இருக்க, அதில் நுழையும் ஒளி மேல்நோக்கி வளைகிறது. மேலே நிஜச் சூரியன் இறங்க, கீழே அதன் தலைகீழ்ப் பிம்பம் ஏறிவர, இரண்டும் ஒட்டிக்கொள்ளும்போது கிரேக்க எழுத்தான ஒமேகாவின் (Ω) வடிவம் வருகிறது.

பெரிய ஏரி உறையத் தாமதமாவதும் இதற்குத் துணை. குளிர்ந்த மேல்நீர் கனத்துக் கீழே போகப் போக, அடியிலுள்ள நீர் மேலே வருகிறது. எல்லா நீரும் ஏறக்குறைய 4 டிகிரிக்கு வந்த பிறகுதான் இந்தப் புரளல் நின்று மேற்பரப்பு உறையத் தயாராகும். ஆழமான ஏரிக்கு அதற்குப் பல வாரம் பிடிக்கும். ஆக, எனக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது.

டிசம்பர் 12

400 எம்எம் லென்ஸோடு போனேன். இதில் சூரியன் சென்சாரில் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அகலம் விழும். கடுகு சுண்டைக்காயாகிவிட்டது. இந்த லென்ஸை மாட்டிக்கொண்டு வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்கக் கூடாது, கண் போய்விடும். பின்திரையில் பார்த்துத்தான் ஃபோகஸ் செய்தேன்.

கால் முளைக்கத் தொடங்கியது. திரை அணைந்தது. பேட்டரி! புறப்படும்போது முழுதாக இருந்ததுதான். லித்தியம் அயன் பேட்டரி குளிரில் சுருண்டுவிடும் என்று தெரிந்தும், மாற்றுப் பேட்டரியைப் பையின் வெளியறையில் வைத்திருந்தேன். அதுவும் செத்துக் கிடந்தது. கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். வயிற்றெரிச்சல்.

டிசம்பர் 15

ஏரி முழுக்க ஆவிப்படலம். அடிவானமே இல்லை.

டிசம்பர் 18

கிடைத்தது.

இரண்டு பேட்டரிகளையும் சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருந்தேன். ட்ரைபாடின் கால்களைப் பனியில் மிதித்து இறுக்கினேன். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டர் 1/500. ஒளியின் அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சிவப்பு மட்டும் வலது சுவரை முட்டியது, அதாவது அளவு மீறிவிட்டது. மொத்த வரைபடத்தைப் பார்த்தால் அது தெரியாது, தனித்தனி நிறமாகப் பார்க்க வேண்டும். ஷட்டர் நேரத்தை 1/1000-க்குக் குறைத்தேன்.

முதலில் நீர்க்கோட்டில் ஒரு சிவப்பு இழை. அது தடித்து மேலே வந்தது. இறங்கிய வட்டத்தின் அடி அதைத் தொட்ட நொடியில் இரண்டும் துளிகள் சேர்வது போலச் சேர்ந்து, நடுவே இடுப்பு ஒடுங்கியது. பிறகு இடுப்பு அகன்று, தோள் சரிந்து, ஜாடி கிண்ணமானது. விளிம்புகள் நேராக இல்லை, படிப்படியாக நெளிந்தன. கடைசியில் படகுபோல ஓர் ஆரஞ்சுத் துண்டு, இரு முனையும் சுருங்கி மறைந்தது. முழு வட்டமும் இறங்க இங்கே மூன்றரை நிமிடம். நிலநடுக்கோட்டில் இரண்டரை நிமிடம்கூட ஆகாது. சூரியன் சாய்வாக இறங்கும் ஊருக்கு இந்த ஒரு நிமிடம் உபரி.

இன்னொன்று. சூரியன் நீரைத் தொடுவதாகத் தெரியும்போது அது உண்மையில் அடிவானத்துக்குக் கீழே போயே விட்டது. காற்று ஒளியை வளைத்து அதன் பிம்பத்தை அரை டிகிரிக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறது. நான் எடுத்த அத்தனை படமும் இல்லாத சூரியனின் படங்கள். இதை நினைக்க நினைக்க உடம்பு சிலிர்க்கிறது.

கால் மணி நேரம் கழித்து உயர்மேகங்கள் அடியிலிருந்து பற்றிக்கொண்டன. அகல லென்ஸை மாட்ட விரல் வளையவில்லை. விட்டுவிட்டேன், இன்றைக்கு இது போதும். கேமராவைக் கரையிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டினேன். வெறுமனே வீட்டுக்குள் கொண்டுவந்தால் லென்ஸெல்லாம் வியர்த்துவிடும்.

டிசம்பர் 21

ஆண்டின் மிகக் குறுகிய பகல். ஆனாலும் சூரியன் மறைந்தது 9ஆம் தேதியைவிட மூன்று நிமிடம் பிந்தி. மறைவு நேரம் அதற்குள் தள்ளிப்போகத் தொடங்கிவிட்டது.

கரையோரம் கண்ணாடித் தகடுபோலப் பனிக்கட்டி கட்டியிருக்கிறது. செருப்பு நுனியால் தட்டினால் மெல்லக் கிணுங்குகிறது. அது நடு ஏரி வரை பரவிவிட்டால் நீரின் சூடு மேலே வராது, காலும் முளைக்காது. நாளைக்கு வானம் தெளிவாம். பேட்டரிகள் சார்ஜில் இருக்கின்றன.